தண்ணீர் எரிந்த திங்கட்கிழமை

போன வாரம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பசுமை மலர் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். 'தாவர எரிபொருள் சோதனையில் தங்களது மறக்க முடியாத அனுபவத்தை முந்நூறு சொற்களுக்குள் எழுதி அனுப்பவும். சிரித்த முகத்துடன் ஒரு புகைப்படம் இணைக்கவும். எதிர்மறைக் கருத்துகளைத் தவிர்க்கவும்.' இந்த வரிசையில்தான் கேட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் என் தெம்பனிஸ் வீட்டில் அலமாரியைக் குடைந்து பார்த்தேன். கிடைத்த படங்களில் எல்லாம் கடவுச்சீட்டுக்கு எடுத்த முகம்தான் இருந்தது. சரி, முகம் பிறகு வரட்டும், முதலில் அனுபவத்தை எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு சொல்லில் அடங்காது என்பது இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

பத்தொன்பது வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன், போர்மென் ஆனேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. கம்பெனி மசாலாத் தூளும் அப்பளமும் விற்கும் மொத்த வியாபாரக் கம்பெனி. அலுவலகம் தேக்காவில், பட்டறை காக்கி புக்கிட்டில். விற்பனையாளர்கள் ஓட்டும் கார்கள் என் பொறுப்பு.

எங்கள் இயக்குநர் யூசுப் சார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து ஆரம்பித்த கடைதான் இவ்வளவு பெரிதானது. யூசுப் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்தபடி, "அப்படியா?" என்பார். முதல் 'அப்படியா'வுக்கு நான் கேட்கிறேன் என்று அர்த்தம். இரண்டாவது வந்தால் நம்பவில்லை என்று அர்த்தம். மூன்றாவது வந்த பிறகு, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். அந்த டீயைக் குடித்தவர்கள் பெரும்பாலும் அடுத்த மாதம் வேறு கம்பெனியில் டீ குடித்தார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர், டீ வேண்டாம், வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அவருக்கு டீக்குப் பதில் ஒரு கப் மைலோ வந்தது.

அந்த அமைதியான இடத்துக்கு விக்னேஷ் வந்து சேர்ந்தார். சென்னையில் படித்து, இங்கே நிலைத்தன்மை மேலாளராக வேலைக்கு வந்தவர். என்ன நிலைக்க வேண்டும் என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை. அவர் வேலை நிலைத்திருக்கிறது, அதில் மகிழ்ச்சி. வந்த இரண்டாம் மாதமே, ஆறு கார்களில் பெட்ரோலோடு எத்தனால் கலந்து ஓட்டிப் பார்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவும் சாதாரண எத்தனால் இல்லை. தண்ணீர் கலந்த எத்தனால்.

"தண்ணியா? நாப்பது வருஷமா டாங்க்ல தண்ணி போகாம பாத்துக்கிட்டதுதான் சார் என் வேலையே" என்றேன்.

"அங்கிள், அது ஓல்டு திங்கிங். ஆல்கஹாலைக் காய்ச்சி வடிக்கும்போது கடைசில மிஞ்சுற அந்தக் கொஞ்சம் தண்ணிய எடுக்கத்தான் எக்கச்சக்க எனர்ஜி செலவாகுது. அத எடுக்காம அப்படியே கலந்துட்டா வேஸ்ட்டே இல்ல. கரெக்ட் ரேஷியோல கலந்தா பிரியவே பிரியாது."

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரி. பெட்ரோலும் தண்ணீரும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்தி வீடுகள். எத்தனால் நடுவில் நிற்கும் தாய்மாமன். இரண்டு பக்கமும் அவருக்கு உறவு. அவர் பலமாக இருக்கிற வரை இரண்டு வீடும் ஒரே பந்தியில் உட்காரும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்று விக்னேஷ் போட்ட கணக்கில் தாய்மாமன் பலமாகத்தான் இருந்தார். கலவை கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. நானே சீசாவில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, ஒரு வாரம் அலமாரியில் வைத்தும் பார்த்தேன். பிரியவில்லை. அதை ஒப்புக்கொள்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பட்டறையின் பின்புறம் தனித் தொட்டி, தனிப் பம்பு எல்லாம் வந்தன. பச்சை வண்ணம் அடித்தார்கள். பம்பு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைதான் திறந்திருக்கும், ஏனென்றால் விக்னேஷின் வேலை நேரம் அதுதான். ஒவ்வொரு காருக்கும் வாரம் ஒரு படிவம். அதில் பதினான்கு கேள்விகள். பதினோராவது கேள்வி, 'சோதனைக் காலத்தில் வேறு எரிபொருள் கலக்கப்பட்டதா?' ஆறு காருக்கும் நான்தான் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்து கார்கள் தீவை விட்டு நகராதவை. தேக்கா, கேலாங், ஜூரோங் என்று கடை கடையாகச் சுற்றிவிட்டு மாலையில் பச்சைப் பம்புக்கே வந்துவிடும். ஆறாவது கார் லோகனுடையது. லோகன் மலேசியாவின் ஜொகூர்க்காரர், வயது முப்பத்து மூன்று, வேலை அனுமதியில் இங்கே விற்பனையாளராக இருந்தார். திங்கள் முதல் புதன் வரை தேக்காவில் கடைகளைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை அதே காரில் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தைக் கடந்து மூவார், மலாக்கா வரை போய், வெள்ளிக்கிழமை மாலை திரும்புவார்.

சிங்கப்பூர் கார் பாலத்தைத் தாண்ட வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற சட்டம் இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். முக்காலோடு போய், அக்கரையில் மலிவாக ஊற்றிக்கொண்டு வருவது நம் ஊரின் எழுதப்படாத பழக்கம். கம்பெனிக் காரில் அக்கரையில் ஊற்றக் கூடாது என்று விதி இருந்தது. எல்லாரும் அந்த விதியைப் படித்தோம், எல்லாரும் அக்கரையில் ஊற்றினோம்.

சோதனை ஆரம்பித்த முதல் வாரமே லோகன் வந்து கேட்டார். "அண்ணே, இந்த எண்ணெய் கொஞ்சம் சீக்கிரம் கொறையுதுலா. மலாக்காவுல பச்சைப் பம்பு எங்க இருக்கு? நான் திரும்பி வர்றது எப்படி?"

நான் அதை விக்னேஷிடம் கேட்டேன். அவர் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, கணக்குப்படி போய் வரப் போதும் என்றார். அந்தக் கணக்கில் மலாக்கா கொஞ்சம் பக்கத்தில் இருந்தது போலிருக்கிறது. நான் திரும்பி வந்து லோகனிடம், "கொறஞ்சா அங்கேயே ஊத்திக்க. ரெண்டு மூணு லிட்டர்ல ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன். பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு 'இல்லை'. விக்னேஷின் வரைபடம் வழவழவென்று மேலே ஏறியது, யூசுப் சார் ஒரே ஒரு 'அப்படியா'வோடு நிறுத்திக்கொண்டார், எல்லாருக்கும் சந்தோஷம்.

பதின்மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை லோகன் போன் செய்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"அண்ணே, காரு செத்துப்போச்சு. பாலத்து நடுவுல நிக்கிறேன். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. எல்லாரும் என் அம்மாவ விசாரிக்கிறாங்க."

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பாலத்தில் கார் நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இழுவை வண்டி வந்து காரைப் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை தொட்டியின் அடியிலிருந்து எண்ணெயை வடித்தேன். இதற்கு ஒரு முறை உண்டு. பெரிய கண்ணாடி ஜாடியில் பிடிக்க வேண்டும், குலுக்காமல் அசையாத இடத்தில் வைக்க வேண்டும், பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவனுக்கு ஜாடி எதையும் காட்டாது. பத்து நிமிடத்தில் ஜாடிக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே மஞ்சளாகப் பெட்ரோல். கீழே நிறமில்லாமல் தெளிந்த ஒன்று.

என் பக்கத்தில் விக்னேஷ் நின்றார், வாசலில் லோகன் நின்றார். நாற்பது வருட அனுபவஸ்தன் நான் வாயைத் திறந்தேன். "அடியில தண்ணி."

படிவத்திலும் அதையே எழுதினேன். அந்தக் கோட்டை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். மேலே பெட்ரோல் என்றால் கீழே தண்ணீர். யோசிக்க என்ன இருக்கிறது?

"எவ்ளோ தண்ணி!" என்றார் விக்னேஷ். "லிட்டர் கணக்குல இருக்கே! இது தானா வரல அங்கிள். யாரோ ஃபியூயல எடுத்து வித்துட்டு டேப் வாட்டர் ஊத்தியிருக்காங்க." யாரோ என்று சொல்லிக்கொண்டே அவர் லோகனைப் பார்த்தார்.

லோகன் என்னைப் பார்த்தார். நான் ஜாடியைப் பார்த்தேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடம் எனக்கும் சந்தேகம்தான் வந்தது. லோகன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை விசாரணை, அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று மதியத்துக்குள் கடிதம் போய்விட்டது. கம்பெனியில் வேறு எந்தக் கடிதமும் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு ஜாடியைக் கழுவ எடுத்தேன். அடியில் இருந்தது கொஞ்சம் கையில் சிந்தியது. துடைக்கத் துணியைத் தேடித் திரும்புவதற்குள் கை காய்ந்துவிட்டது. காய்ந்த இடம் ஜில்லென்றது. தண்ணீர் அப்படிக் காயாது. மோந்து பார்த்தேன். பெட்ரோல் நெடிக்கு அடியில் ஊசி போடும் முன் நர்ஸ் தடவுகிற பஞ்சின் வாசனை. தகர மூடி ஒன்றில் ஒரு கரண்டி ஊற்றி, வெளியே வெட்டவெளியில் கொண்டுபோய், தள்ளி நின்று நெருப்பு வைத்தேன். எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முன்பெல்லாம் லோகன் இரண்டு மூன்று லிட்டர்தான் ஊற்றுவார். தொட்டி நிறைந்திருந்ததைக் காலையில் பார்த்தேனே, இந்த முறை முள் சிவப்பைத் தொட்டதும் ஜொகூரில் வழிய வழிய நிரப்பியிருக்கிறார். பெட்ரோல் வீட்டுக்காரர்கள் பஸ் பிடித்துக் கூட்டமாக வந்துவிட்டார்கள். தாய்மாமன் சிறுபான்மை ஆகிவிட்டார். அத்தனை பேரையும் சமாளிக்க முடியாமல், தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்பும் பம்பு உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். பாலத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த கார் அதைக் குடித்துவிட்டு நின்றுவிட்டது. யாரும் எதையும் திருடவில்லை. நான் சொன்ன வேலையை லோகன் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

உடனே யூசுப் சாருக்குப் போன் செய்திருப்பேன் என்று நினைப்பீர்கள். செய்யவில்லை. அறுபத்து நான்கு வயது எனக்கு. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்து ஒப்பந்தத் தாள் யூசுப் சாரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு 'இல்லை'யும் கூடவே எழுந்து நிற்கும். ஜாடியைக் கழுவாமல் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பல்வலியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அந்த வாரம் என் வாயிலிருந்து வந்த பொய்களில் அது ஒன்றுதான் தீங்கில்லாதது.

ஞாயிற்றுக்கிழமை லோகனைப் பாலத்துக்கு இக்கரையில் உள்ள உட்லண்ட்ஸில் ஒரு கோப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். தன் மனைவிக்கு இது ஏழாம் மாதம் என்பதால் அரை மணி நேரம்தான் இருக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்து வந்தார்.

"நீ ஏன் வாயத் தொறக்கல? நான்தான் ஊத்தச் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் அவர் மேலேயே பாய்ந்தேன். குற்றம் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்.

லோகன் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "சொன்னா என்னா ஆகும்ணே? உங்களுக்குக் கான்ட்ராக்ட் வரணும்லா. இந்த வயசுல உங்கள யாரு எடுப்பா?"

"உன் பெர்மிட் போயிடும்டா."

"பெர்மிட் போனா ஜொகூர்ல லோரி ஓட்டுவேன். அது இல்லண்ணே வெசனம்." கோப்பையைக் கீழே வைத்தார். "திருடன்னு அனுப்பினா தேக்கா பூரா தெரிஞ்சிரும். எட்டு வருஷமா அந்தக் கடைக்காரங்க கல்லாவத் தொறந்து வச்சிட்டே எங்கிட்டப் பேசுவாங்க. இனி நான் எந்தக் கடை வாசல்ல போயி நிப்பேன்? நீங்களும் நேத்து அப்படித்தானே பாத்தீங்க?"

நான் என் கோப்பியை எடுத்துக் குடித்தேன். அவ்வளவு அவமானமாக நான் ஒரு கோப்பியையும் குடித்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தேக்கா அலுவலகத்தில் விசாரணை. யூசுப் சார், விக்னேஷ், நான், கதவோரம் நாற்காலி நுனியில் லோகன். விக்னேஷ் திரையில் பதினெட்டுப் படங்கள் போட்டார். அதில் ஒன்றில் என் படிவமும் பெரிதாகத் தெரிந்தது. 'அடியில் தண்ணீர்' என்று என் கையெழுத்தில்.

"ஆதாரம் இது சார். நம்ம சீனியர் போர்மெனே கன்ஃபர்ம் பண்ணியிருக்கார்."

"அப்படியா?" என்றார் யூசுப் சார்.

நான் பையிலிருந்து இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், மூடி வைத்திருந்த ஜாடியின் அடியிலிருந்து எடுத்த ஒரே ஒரு கரண்டி. தீக்குச்சியைக் கிழித்துத் தண்ணீரில் காட்டினேன், சுர்ரென்று அணைந்தது. இரண்டாவது குச்சியைக் கிழித்து அடுத்த கிண்ணத்தில் காட்டினேன். பூஜை அறையில் கற்பூரம் ஏற்றினாற்போல் பற்றிக்கொண்டது.

"அங்கிள்! ஸ்மோக் அலாரம்!" விக்னேஷ் மேலே பார்த்து அலறினார். உலகத்தைக் காப்பாற்ற வந்தவருக்கு முதலில் கூரைதான் ஞாபகம் வந்தது. நான் தட்டை வைத்து மூடி அணைத்தேன்.

"சார், தண்ணி எரியாது. இது டேப் வாட்டர் இல்ல. நம்ம எத்தனால்தான் தண்ணியோட பிரிஞ்சு அடியில நின்னுருக்கு. சாதா பெட்ரோல் நெறையக் கலந்தா இப்படிப் பிரியும். நான் ஞாயித்துக்கெழம ராத்திரி பட்டறையில சீசாவுல கலந்து பாத்துட்டேன். படிவத்துல நான் எழுதினது தப்பு."

"அப்படியா?" யூசுப் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆனா வேற பெட்ரோல் கலக்கவே இல்லைன்னு பன்னெண்டு வாரமா எழுதியிருக்கு. அது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார். லோகன அங்க ஊத்தச் சொன்னதும் நான்தான். அவரு கேட்டப்ப நான்தான் பரவால்லன்னேன்."

லோகன் எழுந்துவிட்டார். "சார், அண்ணே சும்மா..."

"நீங்க உக்காருங்க லோகன்" என்றார் யூசுப் சார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அப்படியா?" என்றார். மூன்றாவது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டீ சாப்பிடுறீங்களா, சேகர்?"

"சாப்பிடுறேன் சார்" என்றேன். நாற்பது வருடமாகத் தள்ளிப்போட்ட டீ. சீனி குறைவாக, சூடாக, நன்றாகவே இருந்தது.

எழுத்தில் வேண்டும் என்றார்கள். விக்னேஷ் அதற்கென்று இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். அதை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதினேன். 'லோகன் ஊற்றியது பெட்ரோல்தான். ஊற்றச் சொன்னது நான்.' கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யூசுப் சார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு லோகனிடம் சாவியை நீட்டி, "தேக்காவுல இன்னிக்கு ஆர்டர் எடுக்க வேண்டியது பாக்கி இருக்கு, போய்ட்டு வாங்க" என்றார். யூசுப் சாரைப் பற்றி இதுவரை நான் கிண்டலாக எழுதியதையெல்லாம் இந்த ஒரு வரிக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். வெளியே ஒருவர் காதுக்கும் 'திருடன்' என்ற சொல் போகாமல் பார்த்துக்கொண்டார்.

லோகனுக்கு விதியை மீறியதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு ஒப்பந்தம் வரவில்லை, மணி பிளான்ட் தொட்டி ஒன்று வந்தது. பசுமைப் பரிசாம். சோதனை மாபெரும் வெற்றி என்று அறிக்கை வெளியானது. பாலத்தில் கார் நின்றது மட்டும் 'பயனர் நடத்தையால் ஏற்பட்ட சிறு மாறுபாடு' என்று அடிக்குறிப்பில் இருந்தது. நாற்பத்தைந்து வருடம் உழைத்து ஒரு சிறு மாறுபாடாக ஓய்வு பெற்றவன் நான்.

அந்த எரிபொருள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தீவுக்குள் ஓடிய ஐந்து கார்களும் ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை. மறுபடியும் தொடங்கினால் தாராளமாகத் தொடங்குங்கள். ஓட்டுகிறவன் எங்கே போகிறான், எங்கே ஊற்றுகிறான் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். அவன் சொல்லும் பதிலை எழுதுவதற்கு என்னைப் போன்ற ஆளை வைக்காதீர்கள்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதிய பன்னிரண்டு 'இல்லை'களும் உங்கள் அறிக்கையில் வண்ணத்தில் அச்சாகிவிட்டன. வெள்ளைத் தாளில் எழுதிய அந்த ஆறு சொல் இன்னும் ஏதோ ஒரு கோப்பில்தான் இருக்கிறது. முந்நூறு சொல்லுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள். படமும் கிடைத்துவிட்டது, லோகனின் போனில் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை, டீ குடித்துவிட்டு நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது எடுத்தாராம். சிரித்த முகமாகத்தான் இருக்கிறேன்.